பெருங்குடல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முன்கணிப்பு: டியூக்ஸ் பகுப்பு முதல் குருதிவழி டி.என்.ஏ. சோதனை வரை

ஆய்வுச் சுருக்கம்

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை அறுவைச் சிகிச்சையால் அகற்றிய பின்னும் ஒரு பகுதியினருக்கு நோய் மீண்டும் தோன்றுகின்றது. யாருக்குத் தோன்றும் என்பதை முன்கூட்டி அறியும் முயற்சி கடந்த நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலிருந்தே நடைபெற்று வருகின்றது. அம்முயற்சியின் முதன்மையான கட்டங்களையும், ஒவ்வொரு கணிப்புமுறையும் எதனை அளக்கின்றது என்பதையும், கணிப்பு எண்களைப் பொருள்கொள்ள வேண்டிய முறையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: பெருங்குடல் புற்றுநோய், முன்கணிப்பு, நிலைப் பகுப்பு, நிணநீர்க்கணு, வேதிச்சிகிச்சை, குருதிவழி டி.என்.ஏ.

முன்னுரை

உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 19 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு குறிப்பிடுகின்றது. பிற உறுப்புகளுக்குப் பரவாத நிலையில் இந்நோய்க்குரிய முதன்மைச் சிகிச்சை அறுவையே ஆகும். அறுவை முடிந்ததும் மருத்துவர்முன் இரண்டு வினாக்கள் நிற்கின்றன. நோயாளி அறுவையின் உடனடி இடர்களைக் கடந்து வருவாரா என்பது முதல் வினா. நோய் மீண்டும் தோன்றுமா, அதனைத் தடுக்க வேதிச்சிகிச்சை தேவையா என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டும் வேறுவேறு காலஅளவுகளைச் சார்ந்தவை; வேறுவேறு காரணிகளால் தீர்மானிக்கப்படுபவை.

முதல் வினாவிற்கு விடைகாண 2004-ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 'சி.ஆர்.-பாசம்' என்னும் மதிப்பெண் முறை உருவாக்கப்பட்டது. வயது, இதயச் செயலிழப்பு, குருதி அழுத்தம், நாடித்துடிப்பு, யூரியா, ஹீமோகுளோபின் ஆகிய ஆறு உடலியல் காரணிகளையும், அறுவையின் கடுமை, அவசரத்தன்மை முதலான நான்கு அறுவைசார் காரணிகளையும் அது கணக்கில் கொள்கின்றது. இரண்டாம் வினாவே இக்கட்டுரையின் மையப்பொருளாக அமைகின்றது.

டியூக்ஸ் பகுப்பும் டி.என்.எம். முறையும்

இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் கத்பர்ட் டியூக்ஸ், 1932-ஆம் ஆண்டில் மலக்குடல் புற்றுநோயை மூன்று வகையாகப் பகுத்தார். குடற்சுவருக்குள் அடங்கிய கட்டி 'ஏ' வகை. சுவரைக் கடந்து, ஆனால் நிணநீர்க்கணுக்களை எட்டாத கட்டி 'பி' வகை. நிணநீர்க்கணுக்களை எட்டிய கட்டி 'சி' வகை. கட்டியின் அளவைவிட அது எவ்வளவு ஆழம் ஊடுருவியது, எங்குச் சென்றடைந்தது என்பனவே நோயாளியின் எதிர்காலத்தைக் காட்டும் என்பது இப்பகுப்பின் அடிப்படைக் கருத்தாகும்.

பிரான்சு நாட்டின் பியர் தெனுவா 1940-களில் உருவாக்கத் தொடங்கிய டி.என்.எம். முறை இக்கருத்தை மேலும் நுட்பமாக்கியது. இதில் 'டி' கட்டியின் ஊடுருவலையும், 'என்' நிணநீர்க்கணுப் பாதிப்பையும், 'எம்' தொலைவுறுப்புப் பரவலையும் குறிக்கும். இம்மூன்றும் இணைந்து நோய் நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகின்றது. கணுக்கள் பாதிக்கப்படாதவை முதல், இரண்டாம் நிலைகள். கணுக்கள் பாதிக்கப்பட்டது மூன்றாம் நிலை. தொலைவுறுப்புகளுக்குப் பரவியது நான்காம் நிலை.

நிலைப் பகுப்பில் காணப்படும் முரண்

நிலை உயர உயர உயிர்வாழ்வு குறையும் என்பதே எதிர்பார்ப்பு. ஆயின் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 1991 முதல் 2000 வரையிலான 1,19,363 பெருங்குடல் புற்றுநோயாளிகளின் தரவுகளைக் கொண்டு 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. அக்காலப் பகுப்பின்படி 'மூன்று-ஏ' நிலையினரின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 83.4 விழுக்காடாகவும், அதற்கு முந்தையதாகக் கருதப்படும் 'இரண்டு-பி' நிலையினரின் உயிர்வாழ்வு 72.2 விழுக்காடாகவும் இருந்தன.

இம்முரணுக்குக் காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. 'இரண்டு-பி' என்பது குடற்சுவரை முழுமையாகக் கடந்த ஆழமான கட்டி. 'மூன்று-ஏ' என்பது ஆழம் குறைந்தும் சில கணுக்களை எட்டிய கட்டி. ஆழத்தைவிடக் கணுவிற்கு முதன்மை தரும் பகுப்பு, ஆழத்தின் கேட்டைக் குறைத்து மதிப்பிடுகின்றது. மேலும், மூன்றாம் நிலையினருக்கு வேதிச்சிகிச்சை வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றது; இரண்டாம் நிலையினரில் பலருக்கு அது அளிக்கப்படுவதில்லை. ஆகவே உயிர்வாழ்வு எண்ணில் நோயின் இயல்போடு சிகிச்சையின் விளைவும் கலந்துள்ளது.

ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட கணுக்களின் எண்ணிக்கை மற்றொரு காரணமாகும். குறைந்தது 12 கணுக்களையேனும் நோயியல் வல்லுநர் ஆராய வேண்டும் என்பது இன்றைய நெறிமுறை. ஐந்தாறு கணுக்களை மட்டும் ஆராய்ந்து 'பாதிப்பில்லை' என அறிவிக்கும்போது, ஆராயப்படாத கணுவில் நோய் மறைந்திருக்கக்கூடும். அந்நோயாளி இரண்டாம் நிலை என்று பதிவாவார். உண்மையில் அவர் மூன்றாம் நிலையினர். இத்தகையோரைச் சரியாக இனங்கண்டு மேல்நிலைக்கு மாற்றினால், எவருடைய உடல்நிலையும் மாறாமலேயே இரு நிலைகளின் சராசரி உயிர்வாழ்வும் உயர்ந்து தோன்றும். இந்நிகழ்வினை 1985-ஆம் ஆண்டில் ஆல்வன் ஃபைன்ஸ்டீனும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டி, 'வில் ரோஜர்ஸ் நிகழ்வு' எனப் பெயரிட்டனர். வெவ்வேறு காலத்து உயிர்வாழ்வு எண்களை ஒப்பிடுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் இன்றியமையாதது.

முன்கணிப்பும் பயன்கணிப்பும்

நோய் எவ்வாறு செல்லும் என்று கூறுவது முன்கணிப்பு. ஒரு குறிப்பிட்ட சிகிச்சையால் நன்மை விளையுமா என்று கூறுவது பயன்கணிப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் செயலிழந்த கட்டிகள் இதற்குத் தக்க சான்றாகும். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வகையின. இரண்டாம் நிலையில் இக்குறைபாடு உடையோருக்கு நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு குறைவு. அதே வேளையில், 5-ஃபுளோரோயுராசில் மருந்தை மட்டும் தருவதால் அவர்களுக்குப் பயன் விளைவதாகத் தெரியவில்லை. ஆனால் நோய் பரவிய நிலையில், நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்கு இதே வகைக் கட்டிகள் சிறப்பாகக் கட்டுப்படுகின்றன. ஒரே குறியீடு நிலைக்கும் மருந்திற்கும் ஏற்ப வெவ்வேறு பொருள் தருவதை இங்குக் காணமுடிகின்றது.

இரண்டாம் நிலையில்தான் முடிவெடுத்தல் மிகக் கடினமாகின்றது. 2007-ஆம் ஆண்டில் வெளியான 'குவாசர்' ஆய்வில் 3,239 நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களுள் பெரும்பான்மையோர் இரண்டாம் நிலையினர். வேதிச்சிகிச்சை இன்றி ஐந்தாண்டுக்குள் 20 விழுக்காட்டினர் இறப்பர் எனக் கொண்டால், சிகிச்சையால் கிடைக்கும் உயிர்வாழ்வு மேம்பாடு 3.6 விழுக்காடு என அவ்வாய்வு மதிப்பிட்டது. 100 பேருக்குச் சிகிச்சை அளித்தால் மூவரோ நால்வரோ கூடுதலாக உயிர்பிழைப்பர். ஏனையோர் அப்பயனின்றி அதன் பக்கவிளைவுகளை மட்டும் ஏற்பர். அந்த மூவர், நால்வர் யாவர் என்று முன்னரே அறிய முடியாமையே இங்குச் சிக்கலாகின்றது.

குருதியில் எஞ்சும் தடயம்

1965-ஆம் ஆண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மேனும் கண்டறிந்த 'சி.இ.ஏ.' என்னும் புரதம், அறுவைக்குப் பின்னர் நோயைக் கண்காணிக்க இன்றும் பயன்படுகின்றது. எனினும் எல்லா நோயாளிகளிடமும் அதன் அளவு உயர்வதில்லை. புகைப்பழக்கம், கல்லீரல் நோய் ஆகியவற்றாலும் அது உயரக்கூடும்.

அண்மைக்கால ஆய்வுகள் கட்டியிலிருந்து குருதியில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை நாடுகின்றன. இத்துணுக்குகள் குருதியில் நெடுநேரம் நிலைப்பதில்லை. சில மணி நேரத்திற்குள் அழிந்துவிடும். ஆகவே கட்டியை அகற்றிச் சில வாரங்கள் கழிந்த பின்னும் அவை காணப்படின், உடலில் எங்கோ புற்றணுக்கள் எஞ்சியுள்ளன என்று கருத இடமுண்டு. நிலைப் பகுப்பு அகற்றப்பட்ட கட்டியை ஆராய்கின்றது. இச்சோதனையோ உடலில் எஞ்சியதை நாடுகின்றது.

ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரிடம் நடத்தப்பெற்று 2022-ஆம் ஆண்டில் வெளியான 'டைனமிக்' ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. குருதிச் சோதனையின் வழிச் சிகிச்சை தீர்மானிக்கப்பட்ட குழுவில் 15 விழுக்காட்டினரும், வழக்கமான முறையில் தீர்மானிக்கப்பட்ட குழுவில் 28 விழுக்காட்டினரும் வேதிச்சிகிச்சை பெற்றனர். ஆயினும் ஈராண்டு முடிவில் நோய் மீளாது வாழ்ந்தோர் முறையே 93.5, 92.4 விழுக்காட்டினர் ஆவர். வேதிச்சிகிச்சை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் விளைவு தாழவில்லை. எனினும், டி.என்.ஏ. தடயம் காணப்படாதோரிலும் மூன்றாண்டு அளவில் நோய் மீளாது வாழ்ந்தோர் 92.5 விழுக்காட்டினரே. தடயமின்மை நோயின்மைக்கு உறுதியான சான்றாகாது என்பது இதனால் பெறப்படும்.

கணிப்பு முறைகளை மதிப்பிடல்

கட்டித் திசுவின் நுண்ணோக்கிப் படங்களைக் கணினிக்குப் பயிற்றுவித்து முன்கணிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. ஆஸ்லோவை மையமாகக் கொண்ட குழுவினர் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட படத்துணுக்குகள் பயிற்சிக்குப் பயன்பட்டன; பயிற்சியில் இடம்பெறாத 1,122 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு முறை சோதிக்கப்பட்டது. பயிற்சித் தரவிலேயே தேர்வும் நடத்தினால், விடைத்தாளை முன்னரே கண்ட மாணவரை மதிப்பிடுவது போலாகும் என்பதால் இத்தகைய புறச்சோதனை கட்டாயமாகின்றது.

எந்த முறையையும் இரண்டு அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும். இருவருள் யாருக்கு நோய் முந்தி மீளும் என வேறுபடுத்தும் திறன் ஒன்று. 20 விழுக்காடு இடர் எனக் கூறப்பட்ட 100 பேரில் உண்மையில் ஏறத்தாழ 20 பேருக்கு நோய் மீள்கின்றதா என்னும் பொருத்தம் மற்றொன்று. வரிசைப்படுத்துவதில் சிறந்த முறை, எண்ணைக் கூறுவதில் தவறக்கூடும். ஒரு நாட்டில் உருவான முறையைச் சிகிச்சை வசதிகள் வேறுபட்ட மற்றொரு நாட்டில் பயன்படுத்தும்போது இப்பொருத்தமே முதலில் குலைகின்றது. எனவே உள்ளூர்த் தரவுகளால் சரிபார்க்காமல் அதனை ஏற்றல் தகாது.

முடிவுரை

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலான இவ்வளர்ச்சியில் கணிப்பின் நோக்கு, அகற்றிய கட்டியிலிருந்து எஞ்சிய நோயை நோக்கி நகர்ந்துள்ளது. ஆயினும் புதிய முறைகள் பழையவற்றை நீக்கவில்லை. போதிய கணுக்களை ஆராயாத நோயியல் அறிக்கையின்மேல் எத்தகைய நுண்சோதனையையும் எழுப்ப இயலாது. எல்லா முறைகளும் தருவது ஒத்த தன்மையுடைய ஒரு குழுவினருக்குரிய எண்ணே ஆகும். 80 விழுக்காடு என்பது ஒரு நோயாளியின் விதியைக் கூறுவதன்று. அவரைப் போன்ற 100 பேரில் 80 பேருக்கு நேர்வதைக் கூறுவது. இவ்வேறுபாட்டை நோயாளிக்குப் புரியும் மொழியில் எடுத்துரைத்து, சிகிச்சை முடிவில் அவரையும் பங்குபெறச் செய்வதே முன்கணிப்பின் பயன் எனலாம்.