குழியானைக் குன்று

நடத்தலும் ஒரு கல்வியே. ஏட்டிலே கற்ற நிலத்தை அடியினால் அளந்து அறியும் கல்வி அது. முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்கு நானிலப் பாகுபாட்டைச் சொல்லிக் கொடுத்துவரும் எனக்கு, இவ்வுண்மை ஐம்பத்தேழாம் வயதிலேதான் விளங்கிற்று. விளக்கிய ஆசிரியன் ஏழு வயதுப் பேரன். பள்ளிக்கூடம் ஓர் எரிமலை.

எம் ஊராகிய இலுப்பைக்கடவை, மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் பெருந்தெருவின்மேல் உள்ளது. மேற்கே கடல், கிழக்கே வயலும் காடும். கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை மேடென்று சொல்லத்தக்கது குளக்கட்டு ஒன்றுதான். மலையை அறியாத எம் பிள்ளைகள் குறிஞ்சித் திணையை மனப்பாடம் செய்வார்கள்; கண்ணால் கண்டு கற்க வழியில்லை. எரிமலையோ ஏட்டிலும் இல்லை. தொல்காப்பியர் காடும் மலையும் வயலும் கடலுமாக நிலத்தை வகுத்தார். நெருப்பைக் கக்கும் மலைக்கு அங்கே இடமில்லை. தமிழகத்திலும் ஈழத்திலும் அத்தகைய மலை இல்லாமையால் அவர்மீது குறை கூறுவதற்கில்லை. இந்தியாவுக்கு உரிய உயிர்ப்புள்ள எரிமலை ஒன்றே. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. அங்கும் குடிமக்கள் இல்லை.

ஆயினும், தமிழர் குடியேறி வாழும் எரிமலைத் தீவு ஒன்று உண்டு. இந்துமாக்கடலின் தென்மேற்கே, மொரிசியசுக்கு அணித்தாக, பிரான்சு நாட்டின் ஆட்சியில் உள்ள றியூனியன் என்பதே அது. 1848ஆம் ஆண்டு அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் வழிவந்தோரை அத்தீவார் ‘மலபார்’ என அழைக்கின்றனர். மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்டனர். கோயிலையும் தீமிதிப்பையும் இழக்கவில்லை.

பிரான்சுக் குடியுரிமை பெற்ற என் தம்பி அத்தீவின் தென்கரைப் பட்டினமாகிய சென்பியேரில் வாழ்கிறான். அவன் பலகாலும் அழைத்ததனால், சென்ற ஆவணி விடுமுறையில் நானும் மனைவியும் மூத்த மகளும் அவள் புதல்வனும் அங்குச் சென்றோம். இரண்டாம் நாள் மாலையில், “அண்ணை, நாளைக்கு வெள்ளாப்பிலே எழும்ப வேணும், மலைக்கு முகில் வர முன்னம் போய்ச் சேர வேணும்” என்றான் தம்பி. குழந்தையையும் அழைத்துக்கொண்டு எரிமலைக்கா என்று என் மனைவி திகைத்தாள். அங்குள்ளோர் ஞாயிறுதோறும் பிள்ளைகுட்டிகளுடன் சோற்றுப்பானையும் கட்டிக்கொண்டு செல்லும் இடம் அது என அவன் சிரித்தான்.

அந்த மலையின் பெயர் பித்தோன் தெ லா புர்னேசு. உலைக்களச் சிகரம் என்பது பொருள். உயரம் 2,632 மீற்றர். உலகில் அடிக்கடி கனலும் மலைகளுள் ஒன்று. மணற்சமவெளி எனப்படும் கருஞ்செந்நிறப் பாழ்நிலம் ஒன்றைக் கடந்து, 2,300 மீற்றர் உயரத்திலுள்ள பெல்கொம்பு என்னும் விளிம்புவரை வண்டி செல்கிறது. அங்கே இறங்கினால் கண்முன்னே பெரும்பள்ளம் ஒன்று விரிகிறது. பண்டைக் காலத்தில் மலை தன்னுள்ளே இடிந்து விழுந்தமையால் உண்டான பள்ளம் அது. அதன் நடுவிலே சிகரம் நிற்கிறது. செங்குத்தான சுவரிலே வெட்டிய படிகள் ஏறத்தாழ ஐந்நூறு. அவற்றில் இறங்கினால், உறைந்த தீக்குழம்பின்மேல் நடக்கலாம்.

நிலநூலார் கூறும் செய்தி ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கருங்கற் படுகைகளைக் கொட்டிய அதே ஆழ்நெருப்பே, நிலத்தட்டு வடக்கே நகர நகர, மாலைத்தீவுகளுக்கு அடித்தளமிட்டு, மொரிசியசைப் படைத்து, இன்று றியூனியனில் எரிகிறதாம். நம் மன்னார்க் கடலும் இவ்வகை நெருப்புக்கு முற்றும் அயலன்று. 2011ஆம் ஆண்டு எரிவாயு தேடிக் கடலடியைத் துளைத்தபோது, தீயிற் பிறந்த பாறைகள் அங்கும் தென்பட்டன. எம் ஊர்க் கடலுக்கு அடியிலும் அணைந்த அடுப்பு ஒன்று இருக்கிறது.

படியிறங்கி முடிந்த இடத்தில் மகள் நின்றுவிட்டாள். குளிரினால் என எண்ணினேன். அவள் கண் தரையை நோக்கியிருந்தது. கரிய பாறையின்மேல் சில அடிகளுக்கு ஒன்றாக வெள்ளைச் சாயப் புள்ளிகள் தொடர்ந்து சென்றன. அவையே வழி. முகில் இறங்கினால் எத்திசையும் ஒரே கருமையாகிவிடும். புள்ளியை விட்டு அகன்றவன் திரும்புதல் அரிது. “பிள்ளையிடம் சொல், வெள்ளைக் குறியை விட்டு விலகக் கூடாதென்று” என்றேன்.

“நான் சொல்லமாட்டேன், அப்பா. நீங்களே சொல்லுங்கள்” என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2008ஆம் ஆண்டிலே போர் காரணமாக ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. மீண்டு வந்தபோது எம் நிலம் எம்முடையதாக இல்லை. மிதிவெடி அகற்றுவோர் வயலோரத்திலும் காட்டோரத்திலும் செந்தலைத் தடிகளை நட்டிருந்தார்கள். அவற்றுக்கு அப்பால் மண்டையோட்டுப் பலகை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் நான் கூறிய பாடம் ஒன்றே: குறியைவிட்டு விலகாதே. விளாம்பழம் பொறுக்கவும் விலகாதே; பந்து உருண்டோடினாலும் விலகாதே. அப்பாடத்தை அவள் மறக்கவில்லை. தன் மகனுக்கு அதைக் கையளிக்க மனம் ஒப்பாமல் நின்றாள்.

ஆகவே நானே பேரனிடம் கூறினேன். அவனோ அதைக் கேட்டதும் விளையாட்டாக்கிவிட்டான். ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குத் தாவி, “அம்மப்பா, ஒன்று! அம்மப்பா, இரண்டு!” என்று எண்ணிக்கொண்டு முன்னே ஓடினான். பாறை ஓரிடத்தில் கயிறு முறுக்கியதுபோல் நெளிந்து கிடந்தது. ஓரிடத்தில் உழுத கட்டிகள்போல் உடைந்து கிடந்தது. இடுக்குகளில் நரைத்த பாசி போன்றதொன்று படர்ந்திருந்தது. தீயாறிய கல்லிலே முதலில் குடியேறும் உயிர் அதுவேயாம். அதன் பின்னரே பன்னச்செடியும் புல்லும் மரமும் வரும்.

சிறிது தொலைவில் செந்நிறச் சிறுகுன்று ஒன்று இருந்தது. உச்சியிலே குழிந்த வாய். 1753ஆம் ஆண்டின் வெடிப்பிலே தோன்றியது என்பர். பேரன் அதைக் கண்டதும், “குழியானை வீடு!” என்று கூவினான். எம் ஊர் முற்றத்து மணலிலே சிறு குழி பறித்து, உள்ளே மறைந்திருந்து எறும்பு பிடிக்கும் பூச்சியை அறியாத பிள்ளை உண்டோ? தம்பி வியந்து நின்றான். அக்குன்றின் பெயர் போர்மிக்கா லெயோ. இலத்தீன் மொழியில் எறும்புச் சிங்கம், அதாவது நம் குழியானை! இரு நூற்றாண்டுகளுக்கு முன் அவ்வழி வந்த பிரெஞ்சு அறிஞர் போரி தெ சென் வென்சானும், இலுப்பைக்கடவைச் சிறுவனும் ஒரே உவமையைக் கண்டிருக்கிறார்கள். மலையறியாத பிள்ளை என்று நான் இரங்கியவன், தன் மண்ணிலிருந்தே மலைக்கு மொழி கண்டான். மகள் முதன்முறையாக அன்று சிரித்தாள்.

கொடுமுடிவரை சென்று திரும்பப் பெரியோர்க்கே ஐந்து மணி நேரமளவு வேண்டும். 2007ஆம் ஆண்டு அதன் வாய் முந்நூறு மீற்றரளவு உள்ளே இடிந்து போயிற்று. சிறுவர் உள்ள குடும்பத்துக்குக் குழியானைக் குன்றே போதும். இரண்டு மணி நேரத்தில் சென்று மீளலாம். கம்பளிச் சட்டை, மூடிய செருப்பு, தொப்பி, நிறைய நீர், வைகறைப் புறப்பாடு: இவை இன்றியமையாதன. திரும்பிப் படியேறும்போது மூச்சு வாங்கும், குழந்தைகளை அவசரப்படுத்தலாகாது.

மேலே வந்ததும் மலபார்க் குடும்பம் ஒன்று விரித்திருந்த பாயருகே அமர்ந்தோம். மூதாட்டியொருத்தி பேரனுக்குப் பலகாரம் ஒன்றை நீட்டினாள். ‘பொம்பொன் பிமோன்’ என்றாள். கடித்துப் பார்த்தால் நம் பருப்பு வடை! அவளுக்கும் எமக்கும் பொதுமொழி இல்லை; வடை இருந்தது.

அங்கே தம்பி கூறிய செய்தியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. மலையின் துடிப்பை இரவுபகலாகக் கணிக்கும் ஆய்வுநிலையம் ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டு தீக்குழம்பு பித்தோன் சென்ற்றோசு என்னும் ஊருக்குள் பாய்ந்து தேவாலயத்தின் வாயில்வரை வந்த பின்னர் நிறுவப்பட்டது அது. நடுக்கம் மிகுந்தால், படியின் தலைவாயிலை அடைத்துவிடுவார்கள். சீற்றம் தணிந்து, வழியைச் சோதித்த பின்னரே திறப்பார்கள். மலை சொல்லிவிட்டுச் சினக்கிறது. சினம் ஆறினால் நடக்க இடம் விடுகிறது. மனிதன் புதைத்த வெடியோ சொல்வதுமில்லை, ஆறுவதுமில்லை. அதை நட்டவர்கள் மறந்தாலும் அது காத்துக் கிடக்கும். எரிமலையைவிட மனிதனுக்கே நம் பிள்ளைகள் அஞ்சி வளர்ந்தார்கள் என்பதை நினைக்க நெஞ்சு வேகின்றது.

ஊர் திரும்பிய பின் ஒரு சனிக்கிழமை, மாணாக்கர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு பாலியாற்றங்கரையிலே நடந்தேன். மிதிவெடி இல்லை எனச் சான்று பெற்ற வழி அது. மருதும் நாணலும் ஆற்றுமணலும் அன்றைய பாடநூல்கள். மகளும் வந்தாள். பாதி வழியில் பேரன் ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்திப் பாதையைவிட்டு விலகி ஓடினான். அவள் வாய் திறந்தது; ஆனால் கூப்பிடவில்லை. அவன் திரும்பி வரும்வரை ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். திணையை ஏட்டோடு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளைப் பெற்றோருடன் நடத்திச் செல்லுங்கள். தன் நிலத்தின்மேல் அச்சமின்றி நடந்த பிள்ளைக்கே நிலத்தைப் பற்றிய பாட்டுப் பொருள் தரும்.