கழனிக்குப் போகிற துணி

நம் கூட்டங்களில் விதையைப் பற்றிப் பேசுகிறோம், விலையைப் பற்றிப் பேசுகிறோம். உடம்பில் போட்டிருக்கிற துணியைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. நடவு நேரத்தில் உத்திரமேரூர் பக்கம் ஏதாவதொரு வரப்பில் நின்று பாருங்கள். நஞ்சில்லாத நெல்லை நடுகிறவர்களில் பலர் போட்டிருப்பது பாலியஸ்டர் கலந்த சட்டை. "காட்டன் மாதிரிதாங்க" என்று சந்தையில் சொல்லிக் கொடுத்தது. பட்டுக்குப் பேர்போன மாவட்டத்தில், அன்றாடம் உடுத்த நல்ல பருத்தித் துணியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பாலியஸ்டர் இழை பருத்தியைவிட வலுவானது. அதை ஒத்துக்கொண்டே பேசலாம். ஆனால் நம்ம வேலை வெயிலிலும் சேற்றிலும். சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அதனால்தான் வியர்வை துணிக்குப் போகாமல் முதுகிலேயே நிற்கிறது, நாற்றம் அடிக்கிறது, வேர்க்குரு வருகிறது. இன்னொன்று, ஈரமானால் பருத்தி இழைக்கு வலு கூடும். சேற்றில் நனைந்து, கல்லில் அடித்துத் துவைக்கிற பிழைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுப்படியில் பொறி பட்டால் பருத்தி எரியும், உதறிவிடலாம். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பம்ப்செட் தொட்டியில் துவைக்கிறோம். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக நம்ம கழனிக்குத்தான் போகிறது. பாலியஸ்டர் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். மண்ணில் உப்பு உரம் போட மாட்டோம் என்று சபதம் எடுத்தவர்கள் இதையும் யோசிக்கணும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும். அடுத்து, துணியை இரண்டு கையாலும் கசக்குங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சி போட்டுக் கனம் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரெண்டு துவைப்பில் வலைபோல ஆகிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெசவு ஒரே சீராக இருக்கிறதா, இடையிடையே சல்லடை தெரிகிறதா என்பதும் புலப்படும்.

நூல் நம்பரைக் கேட்டு வாங்கப் பழகுங்கள். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம் நூல். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். ஆக 20-ஆம் நம்பர் தடித்த நூல், 100-ஆம் நம்பர் மெல்லிய நூல். 2/40 என்றால் 40-ஆம் நம்பர் நூலில் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கியது. கல்யாணத்துக்குப் போக 80, 100 வேட்டி அழகுதான். கழனிக்கு 20 முதல் 40 வரை போதும், சட்டைக்கு 2/40 கிடைத்தால் விடாதீர்கள். நம்பர் கூடினால் விலை கூடும், ஆயுசு கூடாது.

விலைதான் எல்லாரும் சொல்கிற தடை. புதுசாகச் சொல்வதில்லை. 1921-இல் காந்தி மதுரைக்கு ரயிலில் வந்தபோது, கதர் உடுத்தாமல் கூட வந்தவர்கள் சொன்னதும் இதுதான்: கதர் விலை அதிகம், எங்களால் முடியாது. அவர் அந்தப் பேச்சைத் தள்ளவில்லை. செப்டம்பர் 22 அன்று மதுரையில் முழு உடுப்பைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். அப்படி மாற வேண்டிய நிலையில் இன்று நாம் இல்லை. வீட்டிலுள்ள துணிகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். பாதி மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

கணக்கை நாள் கூலி போலப் போட்டுப் பாருங்கள். ஒரு கைத்தறி லுங்கி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் கட்டி இரண்டு வருஷம் உழைத்தால் சுமார் 300 நாள். நாளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்கூட ஆகவில்லை. 200 ரூபாய் லுங்கி ஆறு மாதத்தில் நைந்தால் 75 நாள், நாளுக்கு இரண்டே முக்கால் ரூபாயை நெருங்குகிறது. எது மலிவு? இதை நம்ப வேண்டாம். வாங்கிய மாதத்தைக் கரை ஓரத்தில் அழியாத மையில் எழுதி வைத்து நீங்களே பாருங்கள்.

மலிவுத் துணியின் மீதிப் பணத்தை யாரோ கட்டியிருக்கிறார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகவே மாறியது. கீழ்ப்பகுதி உழவர்களின் கிணறும் நிலமும் போயின. அவர்கள் வழக்காடித்தான் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் அரிசிக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறதே, நெசவாளரிடம் பேரம் பேசுகிறபோது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

எங்கே வாங்குவது? லுங்கிக்குக் குடியாத்தம் பேர்போனது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தரும்; வருஷத்துக்கான வேட்டி, துண்டை அப்போதே சேர்த்து எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கையால் நூற்ற துணி வேண்டுமானால் சர்வோதய சங்கக் கடைகள் இருக்கின்றன. சென்னையில் 'துலா' என்ற அமைப்பு, மானாவாரியில் இயற்கை முறையில் விளைந்த நாட்டுப் பருத்தியை வாங்கிக் கையால் நூற்று, நெய்து, இயற்கைச் சாயம் ஏற்றி விற்கிறது. தெற்கத்திக் கரிசலின் கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை. நீள இழை கேட்கிற மில்லுக்கு அது வேண்டாத பிள்ளை, கைராட்டைக்குச் செல்லப் பிள்ளை. நீலச் சாயம் தருகிற அவுரி நமக்குப் பக்கத்திலேயே திண்டிவனம், விழுப்புரம் பக்கம் விளைகிறது. சாயம் எடுத்த தழையை உரமாகவும் போடலாம்.

கதர்த் துணி சுருங்கும். தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் காயப்போடுங்கள். தையல்காரரிடம் அக்குளிலும் தோளிலும் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே அரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். சட்டை முதலில் கிழிவது அங்கேதான். வியர்வையோடு சுருட்டி மூலையில் போட்டால் எந்தப் பருத்தியும் கரும்புள்ளி விழுந்து இத்துப்போகும். உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி நிழலில் உலர்த்தினால் சாயமும் நிற்கும்.

வேட்டிக்குக் கட்டுகிற காலம் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. வெளியூர் போகக் கட்டியது பழசானால் கழனிக்கு. நடுவில் நைந்தால் இரண்டாகக் கிழித்துக் கரைகளை நடுவில் சேர்த்துத் தைத்தால் இன்னொரு வருஷம். அதற்குப் பிறகு துண்டு, குழந்தைக்குத் தூளி. பழம்பருத்தி மெத்தென்று இருக்கும், பச்சை உடம்புக்கு உறுத்தாது. பஞ்சகவ்யம், மீன் அமிலம் வடிகட்ட, விதை மூட்டை கட்ட அதைவிட நல்ல துணி கிடைக்காது. கடைசியில் எருக்குழியில் மக்கிப்போகும். பாலியஸ்டர் சட்டையை எருக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறை மண்வெட்டியில் அது சிக்கும்.

இவ்வளவும் ஆண்கள் துணிக் கணக்குதான். நடவு, களை, அறுப்பு எல்லாவற்றிலும் குனிகிற பெண்கள், சேலைக்கு மேலே வீட்டுக்காரர் கழித்துப்போட்ட சட்டையைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தோள் தொங்கும், கை நீண்டு சேற்றில் படும், பித்தான் பாதி இருக்காது. வருஷத்தில் அதிக நாள் வெயிலில் நிற்கிற உடம்புக்கு, வீட்டிலேயே மோசமான துணி. இந்த வருஷம் துணி எடுக்கப் போகும்போது அக்காவுக்கும் அம்மாவுக்கும் 2/40 பருத்தியில் முழுக்கை வேலைச் சட்டை இரண்டு, அவங்க அளவிலேயே தைக்கக் கொடுங்கள். கழுத்து வெயில் படாத அளவுக்குக் காலர், கை மடித்துவிட்டால் நழுவாமல் நிற்க ஒரு பட்டி. அப்புறம் முக்கியமா, போனும் வெத்தலையும் வெச்சிக்க ஆழமா ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்க.