‘டூ’வா, ‘ஸீ’யா?

இயற்பியல் ஆசிரியருக்கு ஜெர்மன் இலக்கணத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அணு உலகில் தற்செயலுக்கு இடமுண்டா என்பது பற்றி ஐன்ஸ்டீனுக்கும் மாக்ஸ் பார்னுக்கும் தீராத வழக்கு. 1944இல் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டீன், பகடையாடும் கடவுளை நம்புகிறவர் அவர் என்று குத்திக் காட்டுகிறார். ஆங்கில மொழிபெயர்ப்பில் வெறும் ‘யூ’. ஜெர்மன் மூலத்திலோ ‘டூ’, அதாவது ‘நீ’! கருத்தில் எதிர்த் துருவங்கள். பேச்சில் நீ, நான் என்னும் நட்பு. ஆங்கிலத்தில் அந்த நெருக்கம் காணாமற் போய்விடுகிறது.

‘டூ’ ஒருமை. அதன் பன்மை ‘ஈயர்’. மரியாதைக்கு உரிய சொல் ‘ஸீ’. ஒருவரானாலும் பலரானாலும் அதுவே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஸீ’ உண்மையில் ‘அவர்கள்’ என்னும் படர்க்கைச் சொல். ‘கொமென் ஸீ?’ என்றால் ‘வருகிறீர்களா?’ என்றும் கொள்ளலாம், ‘வருகிறார்களா?’ என்றும் கொள்ளலாம். எழுதும்போது மரியாதைச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவர். காதால் கேட்பவர் இடமறிந்துதான் பொருள் கொள்ள வேண்டும். எதிரில் நிற்பவரை எதிரில் இல்லாதவர்போல் பேசுவதுதான் அங்கே மரியாதை!

தாய், தந்தை, தாத்தா, நண்பன், நாய்க்குட்டி, கடவுள், எல்லாருக்கும் ‘டூ’தான். அறிமுகமில்லாத பெரியவர்களுக்கு ‘ஸீ’. கீழ் வகுப்புகளில் ‘டூ’ என்று அழைத்த ஆசிரியர், பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பிலிருந்து அதே மாணவரை ‘ஸீ’ என்கிறார். (நான் அப்படி அழைத்தால் என் மாணவர்கள் கேலி என்றே நினைப்பார்கள்.)

‘ஸீ’யிலிருந்து ‘டூ’வுக்கு மாறுவது விளையாட்டன்று. வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் முதலில், “இனி ‘டூ’ என்றே சொல்லலாமே” என அழைக்க வேண்டும். இளையவர் முந்திக்கொள்வது மரியாதைக் குறைவு. மாறியபின் திரும்பி ‘ஸீ’ என்றால், நட்பு முறிந்தது என்றே பொருள்படும். காவலரை ‘டூ’ என்றவர்கள், அவமதித்ததாக வழக்கைச் சந்தித்ததும் உண்டு.

1968ஆம் ஆண்டை ஒட்டிய மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பல்கலைக்கழக மாணவர்களிடையே ‘டூ’ பரவியது. இன்று பல அலுவலகங்களிலும் அது நுழைந்துவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறையில் உடன் பயில்வோரும் ‘ஸீ’ என்றே பேசிக்கொள்வர். ஐன்ஸ்டீன் தம்முடன் படித்த மிலேவா மாரிச்சுக்கு எழுதிய தொடக்கக் கடிதங்களிலும் ‘ஸீ’தான். பின்னர் ஒரு கட்டத்தில் அது ‘டூ’ ஆகிறது. 1903இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.