இறக்கையில் பனிக்கட்டி: சிறு விமானத்துக்கு ஏன் ஆபத்து?

2013 டிசம்பரில் பெய்த உறைமழையை டொரொண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதி வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மரக்கிளைகள் முறிந்தன. டொரொண்டோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் இருண்டன. அதே பனிக்கட்டி பறக்கும் விமானத்தில் படிந்தால்?

எப்படிப் படிகிறது?

மேகத்திலுள்ள நுண்துளிகள் 0 பாகை செல்சியசுக்குக் கீழும் உறையாமல் நீராகவே மிதக்கும். உறைவதற்கு அவற்றுக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். இறக்கை மோதியதும் அது கிடைக்கிறது; துளிகள் அங்கேயே உறைந்து ஒட்டிக்கொள்கின்றன.

ஏன் ஆபத்து?

எடை கூடுவதைவிட வடிவம் கெடுவதே பெரிய கேடு. இறக்கையின் வளைவை ஒட்டி வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று, சொரசொரப்பில் சிதறி விலகுகிறது. உப்புத்தாள் அளவு சொரசொரப்புகூட தூக்குவிசையை 30 சதவீதம் குறைத்து, இழுவையை 40 சதவீதம் கூட்டலாம். வழக்கமாகப் பாதுகாப்பான வேகத்திலும் விமானம் சரிந்து விழக்கூடும்.

பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் எஞ்சினின் சூடான காற்று இறக்கையின் முன்விளிம்பைக் காக்கிறது. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் பொதுவாக அந்த வசதி இல்லை.

அதனால் தரையில் இறக்கையை முழுதாகத் துடைத்த பின்பே கிளம்ப வேண்டும். வானில் பனி படியத் தொடங்கினால், உடனே அந்த மேகத்தைவிட்டு வெளியேறுவதே உயிர்காக்கும் வழி.