அரசாங்க மருத்துவமனையா, தனியார் மருத்துவமனையா?
தாதியர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மலேசியாவில் மலாய்க்காரரும் தமிழரும் ஒருசேர 'மிசி' என்று அழைத்துவரும் தாதியரின் தொழில், நெடுங்காலம் அரசாங்க உத்தியோகமாகவே கருதப்பட்டு வந்தது. மகள் தாதிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டாள் என்றால், அவள் ஆயுள் முழுமைக்கும் கவலையில்லை என்று தோட்டத்துப் பெற்றோர் மகிழ்ந்தனர். அரசாங்கத்துக்கு வெளியே அந்நாளில் மருத்துவமனைகள் இல்லாமல் இல்லை. பினாங்கு அட்வெண்டிஸ்ட் மருத்துவமனை 1924இலும், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள அசுந்தா மருத்துவமனை 1954இலும் தோன்றின. ஆயினும் அவை சமயத் தொண்டர்கள் நிறுவிய அறநிலையங்கள். சம்பளத்தை உயர்த்திக் காட்டி அரசாங்கத் தாதியரை அழைக்கும் வணிக மருத்துவமனைகள் பெருகியது 1980களுக்குப் பின்னரே.

இன்று அந்த அழைப்பு வராத அனுபவமிக்க தாதி அரியவர். போகலாமா, இருக்கலாமா என்னும் கேள்வியைச் சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டு மட்டும் தீர்த்துவிடுதல் இயலாது.

சட்டத்தின் பார்வையில் இரண்டிடத்துத் தாதியரும் ஒருவரே. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்படி தாதியர் வாரியத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தொழில் உரிமத்தைப் புதுப்பித்துக் கொள்ளுதல் இருசாராருக்கும் பொது. தனியார் மருத்துவமனைகளோ 1998ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே இடம் மாறுவதால் ஒரு தாதி தம் தொழிற்தகுதியில் எதனையும் இழப்பதில்லை. இழப்பும் பேறும் வேறு இடங்களில் உள்ளன.

முதலில் வேலையின் தன்மையை நோக்குவோம். அரசாங்க வார்டில் நோயாளிகள் மிகுதி. கட்டில் போதாமல் தள்ளுகட்டில்களும் நடைபாதைக்கு வந்துவிடும் நாள்கள் உண்டு. எனினும் அங்கே பயிற்சி மருத்துவரும் மருத்துவ அதிகாரியும் இரவு பகலாக அருகில் இருப்பர். நோயாளிக்கு மூச்சுத் திணறினால் கூப்பிடு தொலைவில் ஒரு மருத்துவர் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர் என்பார் இல்லை. நிபுணர்களில் பெரும்பாலோர் அங்கே சம்பளத்துக்கு உள்ளவரும் அல்லர். தனித்துத் தொழில் நடத்துபவர். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் நிலை மாறினால், அதனை முதலில் உணர்ந்து, வீட்டில் உறங்கும் நிபுணரைத் தொலைபேசியில் எழுப்பி, உள்ளதைச் சுருங்கச் சொல்லி, உத்தரவு கேட்க வேண்டியவர் தாதியே. நோயாளிகள் குறைவு என்பதால் வேலை எளிது என்று எண்ணிச் செல்வோர் இதனைக் கண்டு திகைப்பதுண்டு. கட்டணப் பொறுப்பும் அங்கே கூடுதல். பஞ்சும் ஊசியும்கூடக் கணக்கில் ஏறியாக வேண்டும்.

தனியார் விரும்பி அழைப்பது யாரை? தீவிர சிகிச்சை, அறுவைக் கூடம், இரத்தச் சுத்திகரிப்பு, பேறுகாலம் ஆகிய துறைகளில் அடிப்படைப் பயிற்சிக்கு மேற்பட்ட சிறப்புப் பயிற்சி பெற்றோரையே. இப்பயிற்சியைச் சுகாதார அமைச்சு தன் செலவில் அளிக்கின்றது. அதற்கு ஈடாகக் குறித்த காலம் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகுவோர் பணம் திருப்பிக் கட்ட நேரும். தனியார் மருத்துவமனைகள் நடத்தும் கல்லூரிகளில் உதவிப் பணம் பெற்றுப் படித்தவர்களுக்கும் இத்தகைய கட்டு இருத்தலால், கையெழுத்திட்ட தாளை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

இனி, முன்னாளில் உபகாரச் சம்பளம் எனப்பட்ட ஓய்வூதியத்துக்கு வருவோம். இங்குதான் பலர் இடறி விழுகின்றனர். ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள தாதி ஒருவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தால், அவர் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், ஓய்வூதியமும் பணிக்கொடையும் அற்றுப் போகும். அதே தாதி 40 வயது நிரம்பி, 10 ஆண்டுக்குக் குறையாத பணியும் உடையவராய், விலகல் என்னாமல் 'விருப்ப ஓய்வு' என்று விண்ணப்பித்தால் இரண்டுக்கும் உரியவர் ஆவார். ஒரு சொல்லில் இத்துணை வேறுபாடு!

கணக்கு கடினமன்று. பணியாற்றிய மாதங்களை 600ஆல் வகுத்து, இறுதிச் சம்பளத்தால் பெருக்கினால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். அது சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்படாது. பணிக்கொடையோ, இறுதிச் சம்பளத்தில் ஏழரை விழுக்காட்டை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. இருபத்து மூன்று வயதில் பணியேற்று இன்று 38 வயதாகும் ஒரு தாதியை உதாரணமாகக் கொள்வோம். சம்பளம் 4,000 வெள்ளி. தனியார் மருத்துவமனை 1,000 வெள்ளி கூடுதலாகத் தருவதாக அழைக்கின்றது. இன்றே விலகினால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர் பெறும் மிகுதி 24,000 வெள்ளி. 40 வயது வரை பொறுத்து விருப்ப ஓய்வு பெற்றால், சம்பளம் உயராது என்று வைத்துக் கொண்டாலும், 204 மாதப் பணிக்கு மாதம் 1,360 வெள்ளி ஓய்வூதியமும், 61,200 வெள்ளி பணிக்கொடையும் அவருக்கு உரியனவாகும். ஓய்வூதியம் வெளியேறிய மறுநாளே கைக்கு வந்துவிடாது. சட்டம் குறித்த வயது வரை காத்திருத்தல் வேண்டும். ஆயினும் அது ஆயுள் முழுவதும் வருவது. இந்த நிலையில் அவசரப்படுவது பேதைமை என்றே சொல்ல வேண்டும். அதே அழைப்பு இருபத்தெட்டு வயதில் வந்திருந்தால் கணக்கு வேறு. பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பு எல்லாராலும் இயலுவதன்று.

தனியார் பக்கத்தில் ஓய்வூதியத்துக்கு நிகராக நிற்பது ஊழியர் சேமநிதி. 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி 13 விழுக்காடும், அதற்கு மேற்பட்டோருக்கு 12 விழுக்காடும் கட்டுவார். தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு. இப்பணம் வேலை மாறினாலும் கூடவே வரும். அரசாங்க ஊழியருக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும்கூட, அரசாங்க மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சைச் சலுகை மட்டும் கூட வராது. வயது முதிர்ந்த தாய் தந்தையரைப் பேணும் பெண்கள் இதனை மறந்துவிடலாகாது.

ஒரே வார்டில் பணியாற்றும் இருவருக்கு இன்று இருவேறு கணக்கு என்பதும் குறிப்பிடத்தக்கது. 1-2-2024 முதல் நிரந்தரப் பணிக்குப் புதிதாக எடுக்கப்படுவோருக்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை; சேமநிதியே. எனவே மூத்த தாதியரை இருத்தி வைக்கும் கட்டு இளைய தாதியருக்கு இல்லை. அவர்களை அரசாங்கம் எதனைக் கொண்டு நிறுத்தி வைக்கும் என்பது இனித் தெரிய வேண்டியது. புதிய சம்பளத் திட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் 8 விழுக்காடும், 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் உயர்வு அளிக்கப்பட்டது. அத்திட்டத்தை ஒட்டி வார வேலை 42 மணியிலிருந்து 45 மணியாகும் என்ற அறிவிப்பு வந்தபோது தாதியர் சங்கத்தார் கடுமையாக எதிர்த்தனர். அது பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025இல் தாதியருக்கு 42 மணியே நீடிக்கும் என்று முடிவாயிற்று. தனியார் துறையில், 2023 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தத்தின்படி, வார வரம்பு 45 மணி. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் பெறுபவருக்கு மிகைநேர ஊதியத்தைச் சட்டம் உறுதி செய்வதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

பணத்தைப் பற்றியதல்லாத காரணமும் ஒன்றுண்டு. கணவர் கிள்ளானில் இருக்க மனைவி சபாவில் பணியாற்ற நேருவது அரசாங்க உத்தியோகத்தில் புதுமையன்று. இடமாற்ற விண்ணப்பம் ஆண்டுக்கணக்கில் கிடந்து, கைக்குழந்தை பாட்டியிடம் வளரும் குடும்பங்களுக்கு மேற்கண்ட கணக்கெல்லாம் இரண்டாம் பட்சமே.

அண்டை நாடான சிங்கப்பூர், தாதியர் போய்விடாதிருக்கும் பொருட்டு வேறொரு வழியை மேற்கொண்டுள்ளது. 2024இல் அறிவிக்கப்பட்ட 'ஏஞ்சல்' திட்டத்தின் கீழ், பொது மருத்துவத் துறையில் தொடர்ந்து பணியாற்றும் 46 வயதுக்கு மேற்படாத தாதி, 20 ஆண்டுக் காலத்தில் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை பெறலாம். நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 20,000 முதல் 30,000 வெள்ளி வீதம் இத்தொகை வழங்கப்படும். தொடக்கத்தில் ஏறத்தாழ 29,000 தாதியர் இதற்குத் தகுதி பெற்றனர்; குறைந்தது நான்கு ஆண்டு பணியாற்றிய வெளிநாட்டினரும் அவர்களுள் அடங்குவர். இடையில் தனியாருக்குச் செல்பவருக்கு எஞ்சிய தவணைகள் இல்லை.

மலேசியாவில் அரசாங்கப் பணியை விட்டுச் சென்றவர் மீண்டும் நுழைய விரும்பினால், பொதுச் சேவை ஆணையத்துக்குப் புதிதாக விண்ணப்பித்து நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். அப்போது அவருக்குக் கிடைப்பது 2024க்குப் பிந்திய விதிமுறைகளின் கீழான நியமனமே.