நடுவில் ஒரு பள்ளம்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலை மலை ஒன்றில் கொழுந்து நிறுத்து முடிந்த பொழுது. 120 பேர் பறித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 13 முதல் 15 கிலோ வரை எத்தனை பேர், 15 முதல் 17 வரை எத்தனை பேர் என்று இரண்டிரண்டு கிலோவாகத் தூண் எழுப்பினால் அதுதான் வலையுருவரையம்.

படத்தில் இரண்டு மேடு. 72 பேர் பழைய விதைத் தேயிலையில் பறித்தவர்கள், சராசரி 14 கிலோ. மற்ற 48 பேர் பதியன் கன்று நட்ட புது மலையில், 22 கிலோ. மொத்தச் சராசரி 17.2. அது விழும் தூணில் எட்டுப் பேர்தான். இரு மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அது. அந்த 17.2ஐயே நாட்கூலிக்கு அளவாக வைத்தால், விதை மலையில் மழையில் நனைந்து பறித்த பெண்களில் பெரும்பாலோர் பாதி நாட்கூலியான அரைப்பேரோடுதான் லயத்துக்குத் திரும்புவார்கள்.

யார் எந்த மலை என்ற குறிப்பே இல்லாவிட்டால்? இதே கேள்வியை 1894இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் நேப்பிள்ஸ் கடலின் 1000 நண்டுகளை வைத்துக் கேட்டார். ஒரு மணி வடிவக் கோட்டில் அடங்காத அளவுகளை இரண்டு கோடுகளாகப் பிரிக்க, ஒன்பதாம் படிச் சமன்பாட்டைக் கையால் தீர்த்தார். இன்று கணினிக்கு 1977இல் டெம்ப்ஸ்டர், லேர்ட், ரூபின் பொதுவடிவம் தந்த வழி இருக்கிறது. ஒவ்வொரு எடையும் எந்த மேட்டுக்கு எவ்வளவு பங்கு என்று ஊகிக்கும், அந்தப் பங்கை வைத்துச் சராசரியையும் பரவலையும் திருத்தும், மறுபடி பங்கிடும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இப்படியே.

கிடைத்த கோடுகளைத் தூண்கள்மேல் வரையும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். காஸ் வளைகோடு எனப்படும் அந்த மணி வடிவக் கோட்டின் கீழுள்ள பரப்பு 1; தூண்களோ ஆட்களை எண்ணுகின்றன. அப்படியே வரைந்தால் கோடு தரையோடு படுத்துவிடும். விதை மலைக் கோட்டை முதலில் அதன் பங்கான 0.6ஆல் பெருக்குங்கள். பரவல், அதாவது நியம விலகல், 2 கிலோ என்றால் உச்சி 0.12. பிறகு 120ஐத் தூணின் அகலமான 2ஆல் பெருக்கி, அந்த 240ஆல் உயர்த்துங்கள்: ஏறத்தாழ 29. 14 கிலோத் தூணின் தலையில் போய் உட்காரும். புது மலைக் கோட்டுக்குப் பங்கு 0.4. இரண்டையும் தனித்தனியே மெல்லிய கோடாகவும், கூட்டுத்தொகையைத் தடித்த கோடாகவும் வரைவது என் பழக்கம். எந்த மேடு யாருடையது என்று அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது மேட்டைச் சேர்த்தால் பொருத்தம் இன்னும் கூடும்; அதை நம்பிவிடக் கூடாது. மூன்றாவது மலை உண்டா என்று கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். தூணின் அகலத்தையும் மாற்றிப் பாருங்கள். புது மலையின் பரவல் 2.5 கிலோ என்றால், ஐந்து கிலோத் தூண்களில் 15–20, 20–25 இரண்டிலும் சுமார் 32 பேர் வருவார்கள், பள்ளம் மறைந்துவிடும். தூணைப் பாராமல் எடைகளிலிருந்தே கணித்த கோட்டில் அது அப்படியே இருக்கும்.