‘ஸ்கிட் ஆகி விழுந்தார்’ என்று எழுத விடாதீர்கள்

போன ஐப்பசி மழையில் ஓர் இரவு, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நின்றிருந்தேன். எங்கள் தெருக்காரர், ஐம்பத்தெட்டு வயது, ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. பணி மருத்துவர் பதிவேட்டைத் திறந்து, “எப்படி ஆச்சு?” என்றார். மகன் பதற்றத்தில் இருந்தான். “வண்டி ஸ்கிட் ஆகி விழுந்துட்டார் சார்.” மருத்துவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நடந்தது வேறு. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை வெறும் மண்ணால் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மழையில் மண் இறங்கி, சாலைக்குக் குறுக்கே ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் போல ஆகிவிட்டது. தண்ணீர் தேங்கியதால் பள்ளம் இருப்பதே தெரியவில்லை. தடுப்பு இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு பைக் எதிர்த்திசையில், விளக்கை ஹை பீமில் வைத்துக்கொண்டு நேராக வந்தது. இவர் ஒதுங்கினார், முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பைக்காரன் நிற்கவில்லை. தோண்டியவர்களும் எதிரே வந்தவனும் ‘ஸ்கிட்’ என்ற ஒரே சொல்லில் தப்பித்துவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக்கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. விபத்து சம்பந்தமாக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்திருக்கும் தவறு இதுதான். சாலையின் குற்றத்தையும் அடுத்தவர் வண்டியின் குற்றத்தையும் தங்கள் வாயாலேயே அடித்துவிட்டு வருகிறார்கள்.

மருத்துவமனையில் எழுதும் அந்தப் பதிவுதான் விபத்துப் பதிவேடு. அதன் நகலை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். போலீஸ், காப்பீட்டு நிறுவனம், தீர்ப்பாயம், தாலுகா அலுவலகம் என்று எங்கே போனாலும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே மருத்துவர் கேட்கும்போது இடம், நேரம், காரணம் மூன்றையும் சொல்லுங்கள். “இன்ன தெருவில், இரவு ஒன்பதரைக்கு, எதிர்த்திசையில் வந்த அடையாளம் தெரியாத பைக்குக்கு ஒதுங்கும்போது, மூடாத பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்தார்.” நடந்ததைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். “போலீஸ் கேஸ்னு சொன்னா அலைய விடுவாங்க, தானா விழுந்ததா சொல்லிடுங்க” என்று பக்கத்தில் நிற்கும் யாரோ கட்டாயம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சிகிச்சைச் செலவுக்குப் பயந்து இப்படிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை அறிவித்திருக்கிறது. கவுன்ட்டரில் பணம் கேட்டால் இந்தத் திட்டங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரும் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது. விருப்பமில்லை என்றால் அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் மருத்துவமனையில் இருக்க, இன்னொருவர் அதே இரவில் விபத்து நடந்த இடத்துக்குப் போக வேண்டும். காலையில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் மூடாத பள்ளம், ஒருவர் விழுந்த மறுநாள் ஜல்லி கொட்டி மூடப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படம் எடுக்கும்போது கடைப் பலகையோ மின்கம்ப எண்ணோ பின்னால் தெரியட்டும். பள்ளத்துக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்தி எடுத்தால் ஆழம் புரியும். எதிரே உள்ள கடையில் கேமரா இருந்தால் உடனே கேட்டு வாங்குங்கள். சில நாட்களில் பதிவு அழிந்துவிடும்.

நடந்து போகிறவர் மீது வண்டி மோதியிருந்தால் நடைபாதையையும் படம் எடுங்கள். “நடைபாதை இருக்க, இவர் ஏன் சாலையில் இறங்கி நடந்தார்?” என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்பார், இழப்பீட்டில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்வார். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் தெருக்களில் அது முழங்கால் உயரத்துக்கு இருக்கும். நடுவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் நிற்கும். வீட்டுக்கு வீடு சாய்தளம் இறங்கும். மிச்ச இடத்தில் பைக்குகள். மூட்டுவலிக்கார அம்மா அதில் எப்படி ஏறி இறங்குவார்? அவர் சாலையில் நடந்தது அவருடைய கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்க அந்த ஒரு படம் போதும்.

அடுத்தது போலீஸ். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது. பலர் சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போய், “இது எங்களுது இல்ல” என்ற பதிலோடு திரும்பி வந்து ஒரு வாரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். உங்கள் பகுதிக்கான புலனாய்வுப் பிரிவு எது என்று கேட்டு அங்கே போங்கள். எல்லையைக் காரணம் காட்டி எந்த நிலையமும் புகாரை மறுக்க முடியாது என்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசம். மறுத்தால் அதே புகாரைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விசாரணை அதிகாரி சம்பவ இடத்தில் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிப்பார். அந்த வரைபடத்தில் இரண்டு கோடும் ஓர் அம்புக்குறியும் மட்டும் இருக்கும். பள்ளம் இருக்காது, எரியாத தெருவிளக்கு இருக்காது. நீங்களும் உடன் நின்று, “ஐயா, பள்ளத்தையும் போடுங்க” என்று கேட்க வேண்டும். போடவில்லை என்றால் படங்களை இணைத்து எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் நிற்காது.

இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதி இது. இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆறே மாதம். விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சென்னையில் இதை விசாரிப்பது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம். மருத்துவமனை வார்டுக்கே வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் தரகர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். “வேற ஒரு வண்டியைச் சேர்த்துக்கலாம்” என்று சொல்கிறவனை அப்போதே வெளியே அனுப்புங்கள். நாளை பொய் வழக்கில் மாட்டப்போவது அவனல்ல, நீங்கள்.

மோதிய வண்டியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், ‘ஒன்றும் கிடைக்காது’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கிடைக்கும். இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை, நீதிமன்றம் தேவையில்லை. இதற்கென உள்ள 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின் படிவம் 1ஐ நிரப்பி, முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றோடு விபத்து நடந்த வட்டத்தின் வருவாய் அதிகாரியிடம், அதாவது வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்தில் ஆட்சியருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஆட்சியர் பதினைந்து நாளில் உத்தரவிட வேண்டும். கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் இன்னொன்றும் சொன்னது. ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியவில்லை என்றால், இப்படி ஓர் இழப்பீடு உண்டு என்பதைக் காவல் நிலையமே பாதிக்கப்பட்டவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கடிதத்தைப் பார்த்ததில்லை. கேட்டு வாங்குங்கள்.

வேறு வண்டியே சம்பந்தப்படாமல், பள்ளத்தாலோ வேகத்தடையாலோ விழுந்து உயிரோ உறுப்போ போனால், வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டியிருந்து, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால், தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் வரை. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

இனி சாலைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 198ஏ பிரிவின்படி, சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைக் கடைப்பிடிக்காததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான துறைக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணம் அரசு நிதிக்குப் போகுமே தவிர உங்களுக்கு வராது. ஆனால் பிரிவுக்குள் ஒரு வரி இருக்கிறது. சாலையின் நிலை அந்தத் துறைக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றம் பார்க்கும். எங்களுக்குத் தகவலே வரவில்லை என்று சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் தப்பிக்கிறார்கள். அதை அடைக்கும் ஒரே தாள், விபத்துக்கு முன்பே நீங்கள் கொடுத்த புகாரின் எண்.

அதனால்தான் தெருவில் பள்ளம் விழுந்த அன்றே புகார் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மாநகராட்சிச் சாலை என்றால் 1913. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடிக்குக் குடிநீர் வாரியத்தின் 1916. அண்ணா சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை போன்றவை மாநகராட்சியுடையவை அல்ல, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தவறான இடத்தில் கொடுத்த புகாரை ‘எங்களுக்கு உட்பட்டதல்ல’ என்று முடித்துவிடுவார்கள். எந்தத் துறை என்று தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். சாலையை வெட்ட அனுமதி கொடுத்த தேதி, ஒப்பந்ததாரர் பெயர், பராமரிப்புப் பொறுப்புக் காலம் மூன்றையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

மக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் வேகத்தடை வேண்டும் என்று நாமே நச்சரிக்கிறோம். கிடைக்காவிட்டால் நாமே சிமென்டைக் குழைத்துப் போட்டுவிடுகிறோம். விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நாம் போடுவது ஓர் அடி அகல மேடு. வெள்ளைக் கோடும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதில்தான் தூக்கி எறியப்படுகிறார்கள். யூ டர்ன் தூரமாக இருக்கிறது என்று எதிர்த்திசையில் போகிறவருக்கு என்னிடம் இரக்கம் இல்லை. அவ்வளவு தூரத்தில் வைத்த துறையின் மீது புகார் கொடுக்கலாம். நேராக வருகிறவர் மீது போய் மோதக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

எங்கள் தெருக்காரர் ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கிவிட்டார். அந்த இடத்தைப் பத்தாம் நாளே தார் போட்டு மூடிவிட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் அவர் மனு இருக்கிறது. போகும்போதெல்லாம் எழுத்தர் ஏ.ஆர். காப்பியைப் புரட்டி, அந்த ஒரு வரியில் விரலை வைத்து, “இதுல ஸ்கிட்னுதானே போட்டிருக்கு?” என்று மகனிடம் கேட்கிறார்.